தோரணம் கட்டிய கைகள்

சென்ற பொங்கலுக்கு முன், எங்கள் தோட்டப் பள்ளியின் வாயிலை அணி செய்வதற்காக, வீட்டிலிருந்து தோரணம் கொண்டுவருமாறு ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் சொல்லியிருந்தேன். மறுநாள் ஒரு மாணவன் பளபளப்பான பையொன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். உள்ளே பச்சையும் மஞ்சளுமான பிளாஸ்டிக் தோரணம் இருந்தது. குறை சொல்ல இயலாத வேலைப்பாடு. மடிப்பு, குருவி, தொங்கும் குஞ்சம் யாவும் நம் பாட்டிமார் முடைந்த குருத்தோலைத் தோரணத்தின் அச்சே. நான் அதைக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டிருக்கையில் அவன் கேட்டான்: “ஐயா, கடையில விற்கிறதுக்கு முன்னாடி இதை யாரு செஞ்சாங்க?”

எதனால் செய்தார்கள் என்று கேட்டிருந்தால், தென்னங்குருத்து என ஒரு சொல்லில் விடை கூறியிருப்பேன். யார் செய்தார்கள் என்றன்றோ கேட்டான்! அவ்வினாவை அன்று முதல் மனத்தில் வைத்துக்கொண்டு, நம் முன்னோர் விருந்தினரை வரவேற்க வீட்டையும் வீதியையும் எவ்வாறு அணி செய்தனர், அவ்வேலை யார் கைகளில் இருந்தது என்பதைப் பழைய நூல்களிலும் எங்கள் தோட்டத்து முதியோர் நினைவிலுமாகத் தேடிப் பார்த்தேன். அத்தேட்டத்தில் கிடைத்தவற்றை ஆசிரியப் பெருமக்கள் முன் வைக்கின்றேன்.

முதலில் சொல்லை நோக்குவோம். தோரணம் என்பது வடசொல். அதற்கு முதற்பொருள் வாயில் வளைவு. கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டி எழுந்த சாஞ்சித் தூபியின் கல்வாயில்களை இன்றும் தோரணம் என்றே வழங்குகின்றனர். மரவேலைப்பாட்டைப் பார்த்துக் கல்லில் செதுக்கிய வாயில்கள் அவை. தமிழில் இச்சொல் வாயிலிலிருந்து இறங்கி, வாயிலில் கட்டித் தொங்கவிடும் ஓலைக்கும் இலைக்கும் பெயராகிவிட்டது. கல்தச்சன் செய்ததற்குரிய பெயர், ஒரு கிழவி நாழிகைப்பொழுதில் முடைந்து முடிப்பதற்கு வந்து சேர்ந்தது வியப்பே. பந்தலோ தமிழ்ச்சொல். சங்கப் பாட்டில் அது பந்தர் என்று வரும்.

அகநானூற்றில் இரண்டு பாடல்கள் திருமண வீட்டை நேரில் கண்டதுபோல் காட்டுகின்றன. 86ஆம் பாடல் நல்லாவூர் கிழார் பாடியது. 136ஆம் பாடல் விற்றூற்று மூதெயினனார் பாடியது. இலக்கணத்திற்காகவும் சடங்கு ஆராய்ச்சிக்காகவும் இவ்விரண்டையும் பலமுறை எடுத்தாண்டிருக்கின்றோம். அவற்றில் உள்ள பொருள்களை மட்டும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக. வரிசையாகக் கால் நட்ட பந்தல், வெளியிலிருந்து கொண்டுவந்து பரப்பிய மணல், ஏற்றிவைத்த விளக்கு, தொங்கவிட்ட மாலை, உளுந்து சேர்த்துக் குழைய வேகவைத்த பொங்கல். மற்றொரு பாடலில் நெய் வழியும் வெண்சோறும் இறைச்சியும், மணல் நிறைந்த பந்தலும், வெண்ணூலில் இலையும் அரும்பும் கோத்த காப்பும் வருகின்றன. இவற்றுள் கடைக்குச் சென்று பெரும்பொருள் கொடுத்து வாங்கவேண்டியது எது? ஆற்றங்கரையில் மணல், காட்டில் கால், வேலியில் பூ. மற்றதெல்லாம் கைவேலை.

86ஆம் பாடலில் இன்னொரு காட்சியும் உண்டு. தலையில் குடமும் கையில் புதிய அகன்ற பாத்திரமுமாக முதுபெண்டிர் ஆரவாரம் செய்துகொண்டு நிற்கின்றனர். முன் தரவேண்டியதை முன்னும், பின் தரவேண்டியதைப் பின்னுமாக முறைப்படி எடுத்துத் தருகின்றனர். கல்யாண வீட்டுக் கொல்லைப்புறத்தை அறிந்தவர்க்கு இவ்வாரவாரம் எது என்று விளக்கவேண்டியதில்லை. “மஞ்சள் எங்கே? அந்தத் தட்டை முதலில் எடு!” என்ற கூக்குரலே அது. புலவர் அதனை விடாமல் பாட்டில் சேர்த்துக்கொண்டார். விருந்தின் அழகில் அதுவும் ஒரு பகுதி என அவர் கருதியிருக்கவேண்டும்.

மணிமேகலையின் முதற்காதை விழாவறை காதை. புகார் நகரில் இந்திர விழா வருவதை முரசு அறைவோன் யானைமேல் ஏறி அறிவிக்கின்றான். நகர மக்களை நோக்கி அவன் இடும் கட்டளைகளுள் பெரும்பாலானவை வேலைக் கட்டளைகளே. வீதிகளில் நிறைகுடமும் முளைப்பாலிகையும் பாவை விளக்கும் வையுங்கள். குலையோடு கூடிய கமுகையும் வாழையையும் கரும்பையும் நடுங்கள். பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்புங்கள் என்கின்றான். அரசன் ஆள் அனுப்பி அணி செய்வான் என்று அவன் கூறவில்லை. நட வேண்டியவரும் பரப்ப வேண்டியவரும் கேட்டுக்கொண்டு நிற்பவரே. நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு முன், ஒருவர் லயம் லயமாகச் சென்று “நாளைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வரணும்” என்று சொல்லிப்போவதை எண்ணிக்கொண்டேன்.

ஆயினும், பழங்காலத்தில் எல்லா விருந்தும் கைவேலையால் ஆனது என்று சொல்லிவிட முடியாது. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகி திருமணத்தைப் பாருங்கள். வயிரமணித் தூண், நீலப்பட்டு விதானம், முத்துப் பந்தல். யானைமேல் மங்கையரை ஏற்றி ஊருக்கு மணச்செய்தி சொல்லியனுப்புகின்றனர். அது வணிகச் செல்வர் வீட்டு மணம். பணத்தால் போட்ட பந்தலும் நம் மரபில் மிகப் பழையதே. மண்டபம் எடுத்து மணம் முடிப்பதை இற்றைநாள் கேடு என்று முழங்கும் நண்பர்கள் இதனை நினைவில் கொள்வது நல்லது.

இனி, மாணவன் கேட்ட ‘யார்’ என்னும் வினாவிற்கு வருவோம். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அண்மைக்காலம்வரை இதற்கு விடை தெளிவாகவும், ஒருவகையில் கசப்பாகவும் இருந்தது. பந்தலின் உட்புறம் வெள்ளைத்துணி கட்டுவது வண்ணார் கடமை. சட்டி பானை கொணர்வது குயவர் கடமை. மேளமும் பறையும் அவரவர் குலக் கடமை. அறுவடையில் ஒரு பங்கு தானியமும், விழாவில் துணியும் சோறும் கூலியாகக் கிடைக்கும். கைத்திறன் இருந்தது, அத்திறனோடு பிறப்பின் தளையும் இருந்தது. தோரணம் முடைந்த விரலுக்குப் பந்தியில் இடமில்லாத ஊர்களும் உண்டு. பழமையைப் போற்றும்போது இதனை மறைத்துவிட்டுப் போற்றலாகாது.

இந்நாட்டு இரப்பர்த் தோட்டங்களுக்கு நம்மவர் வந்தபோது, அந்த ஊர் ஒழுங்கு அப்படியே கப்பலேறி வந்துவிடவில்லை. கங்காணி தம் ஊராரையும் உறவினரையும் திரட்டி வந்தார் என்பது மெய்யே. ஆனால் தோட்ட நிருவாகத்திற்கு வேண்டியவர் பால் வெட்டுபவரும் காடு வெட்டுபவருமே. ஒவ்வொரு தோட்டத்திற்கும் ஒரு வண்ணார் குடும்பம், ஒரு குயவர் குடும்பம், ஒரு மேளக்காரர் குடும்பம் என்று அளந்து எடுத்துவரவா முடியும்? விடியற்காலைப் பெரட்டில் எல்லாரும் ஒரே வரிசையில் நின்றனர். ஒரே வகை வாளியும் உளியும் ஏந்தினர். அப்படியிருக்க, ஒரு வீட்டில் கல்யாணம் வந்தால் பந்தல் போடுவது யார்? துணி கட்டுவது யார்? கடமைக்காரர் இல்லாத இடத்தில் அண்டை வீட்டார் கை நீட்டினர்.

சாதி தோட்டத்தில் ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். லயங்களையே சாதிவாரியாகப் பிரித்திருந்த தோட்டங்களைப் பற்றி முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். பந்தியில் தனி வரிசையும் இருந்ததுண்டு. ஆனால் குருத்தோலை மடிக்கும் வேலை இன்னார்க்கு உரியது, இன்னார்க்கு இழுக்கு என்னும் எண்ணம் இந்த மண்ணில் வேரூன்றவில்லை. விருந்து வேலை குலத்தொழில் என்னும் நிலையிலிருந்து நீங்கி, ஊர்வேலை ஆயிற்று. நம் தோட்ட வரலாற்றை எழுதுவோர் கூலி, வேலைநிறுத்தம், கள்ளுக்கடை என்று எழுதுகின்றனர். அவை எழுதப்படவேண்டியவையே. இந்தச் சிறு மாற்றத்தையும் ஒரு பக்கத்தில் எழுதி வைக்கலாகாதா?

நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் கல்யாணத்திற்கு முந்திய நாள் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லுகின்றேன். பால் நிறுத்துப் போட்டுவிட்டுப் பிற்பகலில் ஆடவர் வந்து சேர்வர். பந்தற்காலை முன்னரே மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, நவதானியம் இட்டு நட்டிருப்பார்கள். மற்றக் கால்கள் மூங்கிலும் காட்டுமரமும். கூரைக்குத் தென்னங்கீற்றோ கித்தானோ போடுவர். பழைய பால்மரக் கட்டைகளைப் பிளந்து அடுப்புக்கு அடுக்குவது இளைஞர் வேலை. பெண்கள் அரிசி ஊறவைத்து அம்மியில் அரைத்து மாக்கோலத்திற்கு எடுத்துவைப்பர்; வாழைநாரைக் கிழித்து நனைத்துப் பூத்தொடுப்பர். சிறுவர்களாகிய எங்களுக்குக் காகித வேலை. பட்டம் செய்யும் மெல்லிய வண்ணத்தாளை முக்கோணமாக வெட்டி, மரவள்ளிமாவுக் கூழ் தடவிச் சணல் கயிற்றில் ஒட்டவேண்டும். கூழைத் தடவுவதினும் முகத்தில் பூசிக்கொள்வதே மிகுதியாக இருக்கும்.

குருத்தோலை வேலை இரவில்தான். அதற்குக் காரணம் உண்டு. தென்னையின் நடுவில் விரியாமல் நிற்கும் குருத்தில் வெயில் படாததால் ஓலை வெளிறிய மஞ்சளாக, துணிபோல் மடியும். வெட்டி எடுத்தபின் ஓரிரு நாளில் அது விறைத்துப் பழுப்பேறும். ஆகவே முன்மாலையில் வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றிவைத்து, இரவிலே முடைந்து, விடியுமுன் கட்டுவர். ஒரு மரத்தில் ஓர் ஓலைக்குமேல் எடுக்கமாட்டார்கள். நடுக்குருத்துச் சிதைந்தால் மரமே பட்டுப்போகும் என்பது மரம் ஏறுவோர் எல்லார்க்கும் தெரியும். எடுத்த ஓலையில் ஈர்க்கின் இருபுறத்தையும் பிரித்து, மடித்து, நுனியைச் செருகினால் குருவி ஒன்று தோன்றும். ஒரு சாணுக்கு ஒன்றாகக் கயிற்றில் கோத்துக்கொண்டே போவர். என் பாட்டி பேசிக்கொண்டே முடைவார், கையைப் பார்க்கமாட்டார். மண்ணெண்ணெய் விளக்கின் அருகில் ஐந்தாறு கிழவியர் அமர்ந்தால், அந்த ஊரின் முப்பதாண்டுச் செய்தி முழுவதும் அன்றிரவு வெளியாகும். எந்தக் குடும்பம் எந்தக் கங்காணியோடு வந்தது, யார் யாருக்கு என்ன முறை என்பதையெல்லாம் நான் அறிந்தது அப்படிப்பட்ட இரவுகளிலேதான்.

அப்படியோர் இரவில் நான் பட்ட வெட்கத்தையும் சொல்லிவிடுகின்றேன். மங்கலத் தோரணமும் இழவு வீட்டுத் தோரணமும் ஒன்றல்ல. மடிப்பின் எண்ணிக்கையிலும் அது நோக்கும் திசையிலும் வேறுபாடு உண்டு. பத்து வயதில் எனக்கு அது தெரியாது. பாட்டி முடைவதைப் பார்த்துப் பார்த்து, நானாகவே பத்துப் பன்னிரண்டு முடைந்து, விடியற்காலையில் யாரும் காணுமுன் மணவீட்டு வாசலில் கட்டிவிட்டேன். சற்று நேரத்தில் பெண்ணின் தாய்மாமன் வந்தார். தோரணத்தை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் பெஞ்சின்மேல் ஏறி, ஒவ்வொன்றாக அவிழ்த்து, இடுப்புத்துண்டில் சுருட்டிக்கொண்டு போனார். அவர் என்னை அடிக்கவில்லை; யாரிடமும் சொல்லவுமில்லை. சில மாதங்கள் கழித்து எங்கள் லயத்தில் ஒரு முதியவர் இறந்தபோது, அதே மாமன் என்னைத் தனியே அழைத்து, “அன்னைக்கு நீ செஞ்சது இன்னைக்கு வேணும், வாடா” என்று பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். இரண்டு வகை மடிப்பையும் நான் முறையாகக் கற்றது அந்தத் திண்ணையில்தான்.

விருந்துக்குரிய உண்கலமும் வீட்டில் செய்ததே. வாழையிலை போதாத இடத்தில் அகன்ற இலைகளை ஈர்க்கால் தைத்துத் தையல் இலை செய்வர். சப்பானியர் ஆட்சி நடந்த 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகளில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. மக்கள் மரவள்ளிக் கிழங்கை உண்டு உயிர் பிழைத்தனர். ஆடவர் பலர் சயாம் இரயில் பாதைக்குப் போய்த் திரும்பவில்லை. அக்காலத்திலும் கல்யாணங்கள் நடந்தன என்றும், தையல் இலையில் மரவள்ளிக் கிழங்கே பரிமாறப்பட்டது என்றும் என் பாட்டி சொல்லுவார். சோறு இல்லாத பந்திக்கும் தோரணம் இருந்ததா என்று கேட்டேன். “தென்னமரம் சப்பான்காரனுக்குப் பயந்துகிட்டு ஓடிப்போச்சா?” என்று திருப்பிக் கேட்டார்.

போருக்குப்பின் பொதுவிழாக்கள் பெருகின. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்களின் முயற்சியால் 1952ஆம் ஆண்டில் தமிழர் திருநாள் தொடங்கிற்று. சமயவேறுபாடின்றித் தமிழர் அனைவரும் பொங்கலை ஒட்டிக் கூடவேண்டும் என்பது அதன் நோக்கம். சிங்கப்பூரில் தொடங்கிய அத்திருநாள் தீபகற்பத்திலும் பரவியது. தோட்டங்களில் அதற்கு மேடை எது? பள்ளிக்கூட மேசைகளைச் சேர்த்துப் போட்டால் மேடை. வீட்டுப் புடவைகளே திரை. கல்யாணத்திற்குக் கற்ற கைவேலை அப்படியே பொதுமேடைக்கு வந்தது. ஒரு வீட்டு வாசலில் நின்ற வாழை, எல்லார்க்கும் பொதுவான வாயிலில் நின்றது. அவ்விழாக்களில் பேசிய பேச்சுகள் இதழ்களில் அச்சாகியுள்ளன. மேடை கட்டியவர் பெயரை எவரும் அச்சிடவில்லை.

குருத்தோலை நமக்கு மட்டும் உரியது அன்று. பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர் நோன்புப் பெருநாளுக்கு அதே ஓலையில்தான் கெத்துப்பாட் கூடு பின்னுகின்றனர். அவர்கள் மணமக்களுக்கு முன் ஏந்திச்செல்லும் பூங்கா மங்கார் என்னும் மலர்க்கம்பு, தென்னம்பாளையின் பெயரையும் வடிவையும் கொண்டது. இப்போது அதையும் மினுக்குத் தாளால் செய்கின்றனர். கலியாணச் சமையலுக்கு ஊரே கூடி உழைக்கும் வழக்கத்திற்கு ரெவாங் என்று பெயர். பாலித் தீவில் கலுங்கான் விழாவிற்கு வீட்டுக்கு வீடு மூங்கிலில் ஓலை கட்டி நிறுத்துகின்றனர். நம் கிறித்தவ அன்பர்கள் குருத்தோலை ஞாயிறன்று அதே ஓலையில் சிலுவை முடைகின்றனர். எங்கள் தோட்டத்தில் கெத்துப்பாட் பின்னத் தெரிந்த தமிழ்ப் பெண்கள் இருந்தனர். கம்பத்து மக்சிக் ஒருவர் சொல்லிக்கொடுத்ததாம். அவர் நம் குருவி மடிப்பைக் கற்றுக்கொண்டாரா என்பதைக் கேட்டுவைக்காமல் விட்டுவிட்டேன்.

இக்கைகள் குறைந்தது எப்படி? ஒரே காரணம் கூற இயலாது. 1950களின் இறுதியில் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கியபோது பல குடும்பங்கள் சிதறின. 1968ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதிச் சீட்டுப் பெறவேண்டியதாயிற்று. அதனையொட்டிப் பல்லாயிரவர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினர். அவருள் பலர் முதியோர். ஒரு தலைமுறையின் விரல்வித்தை அவர்களோடு போயிற்று என்றே எண்ணுகின்றேன். இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை ஓலை குறுகலானது, மட்டையில் முள் உடையது, தோரணத்திற்கு ஆகாது. மறுநடவுக்காகச் சாய்த்த பழைய செம்பனைத் தண்டுகள் மட்கும்போது அவற்றில் காண்டாமிருக வண்டு பெருகி, அருகிலுள்ள தென்னையின் குருத்தையும் துளைக்கின்றது. துளைபட்ட குருத்து விரிந்தால், கத்தரியால் வெட்டியதுபோல் ஓலை முக்கோணமாகக் குறைந்திருக்கும். நல்ல குருத்து வேண்டி ஏழெட்டு மரம் ஏறிப் பார்த்து வெறுங்கையோடு இறங்கியவரை நான் அறிவேன்.

பின்னர், 1980களிலும் 1990களிலும் பல தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாயின. மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளில் குடியேறினர். அங்கே பந்தற்கால் நட மண் ஏது? மண்டபம் எடுத்தனர். மண்டபத்தார் பூவும் விளக்கும் நாற்காலி உறையும் உள்ளடக்கி விலை சொல்லுகின்றனர். வேலைக்குப் போய்வரும் பெண்களுக்கு அது பேருதவி. அம்மியில் மூன்று படி அரிசி அரைத்த கையைக் கேட்டால் பழைய முறையை அவ்வளவாகப் புகழாது. ஆயினும் ஒன்று மாறியிருக்கின்றது. முன்னாளில் கல்யாணம் முடிந்ததும் இரண்டு கணக்கு இருக்கும். மொய்க்கணக்கு நோட்டில் இருக்கும். உழைப்புக் கணக்கு மனத்தில் இருக்கும்: அவர் நமக்குப் பந்தல் போட்டார், அவர் வீட்டில் நாளை நாம் விறகு பிளக்கவேண்டும். மண்டபத்திற்குப் பணம் கட்டியவர்க்கு அந்த இரண்டாவது கணக்கு இல்லை. யாரும் யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை. பந்தியில் தனி வரிசை வைத்திருந்த காலத்திலும், பிரித்து வைக்கப்பட்டவர்களை ஒருவர் வாசலுக்கு மற்றவரை வரச்செய்தது அந்தக் கணக்கே அன்றோ?

ஆசிரியர் என்ற முறையில் ஒன்று கூறுவேன். தொடக்கப்பள்ளியின் காட்சிக் கலைப் பாடத்தில் மரபுக் கைவினையை அறிதல் என்று ஒரு பிரிவு இருக்கின்றது. பத்திக்கும் வாவும் பின்னல் வேலையும் அதில் சொல்லித்தருகின்றோம். பின்னல் என்பதற்குப் பாய் மட்டுமே எடுத்துக்காட்டு என்று எந்த விதியும் இல்லை. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்ற நாளில், நீள்சதுரத் தாளைக் கோடு கிழித்து நறுக்கிக் குறுக்கே பின்னி மதிப்பெண் பெற்றேன். விரிவுரையாளர் அதனைப் பாராட்டினார். எனக்குத் தோரணம் முடையத் தெரியும் என்பதை அவரிடம் சொல்ல அன்று ஏனோ கூசியது. அந்தக் கூச்சம் இன்றும் நம் ஆசிரியர் பலரிடம் இருக்கின்றது.

அந்தப் பொங்கலுக்குப் பிளாஸ்டிக் தோரணத்தையே வாயிலில் கட்டினோம். கொண்டுவந்த பிள்ளையின் மனம் நோகலாகாது. மறுவாரம், பழைய லயத்தில் தம் மகனோடு இருந்துவரும் எண்பது கடந்த அம்மையார் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்துவந்தோம். பள்ளிக்குப் பின்னுள்ள இரண்டு தென்னைகளில் ஒன்றில் நல்ல குருத்து இருந்தது. அம்மையாருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. ஓலையை வாங்கி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இது போதும்” என்றார். முதல் குருவியை அவர் முடிக்கும்போது, பையில் தோரணம் கொண்டுவந்த அந்த மாணவன் அவர் முழங்காலை ஒட்டி உட்கார்ந்திருந்தான். அவன் முடைந்த முதல் மடிப்பு தலைகீழாக வந்தது. அம்மையார் அதைப் பிரித்து அவன் கையிலேயே மீண்டும் கொடுத்து, அவன் தாத்தாவின் பெயரைக் கேட்டார். அவன் சொன்னான். “அவனா! எங்க வீட்டுப் பந்தலுக்கு மூங்கில் வெட்டிட்டு வந்தவனாச்சே” என்றார்.